இழுத்துவிட்டால் நீளுமா?

மூட்டு இறுக்கத்துக்கு இழுத்துவிடும் பயிற்சியால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதைப் படித்த அன்றைக்குச் சாயங்காலமும் பள்ளிபாளையம் போய் அண்ணனின் வலது முழங்கையைப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டுத்தான் வந்தேன். இந்த இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் எப்படி இருக்கின்றன என்பது ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டே இருக்கிறது. யாரோ வாட்ஸப்பில் அனுப்பியது என்றால் தள்ளிவிடலாம். இது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பு. சிட்னியைச் சேர்ந்த லிசா ஹார்வியும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்டது. 49 ஆய்வுகள், 2135 பேர். பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடக் காயம் என்று நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழுத்துவிட்டு, முடித்த கையோடு அளந்து பார்த்தால், கூடுதலாகக் கிடைத்த அசைவு சராசரியாக 2 டிகிரி. அளக்கிறவரின் கை லேசாக ஆடினாலே வந்துவிடும் வித்தியாசம் அது.

அண்ணனுக்கு நடந்த விபத்து, ஐசியு, கழுத்தில் துளை போட்டு வைத்த குழாய், "கண்ணு முழிச்சாரா" என்று மணிக்கொருதரம் போன் செய்த சொந்தக்காரர்கள் என்று அதையெல்லாம் விரித்து எழுதப் போவதில்லை. நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தக் கதை உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு தலைக்காயத்தின் நீளமான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அண்ணன் தறி ஓட்டினவர், வயது நாற்பத்து மூன்று. அடிபட்டது மூளையின் இடப்பக்கம், அதனால் பாதிப்பு உடம்பின் வலப்பக்கம். வீட்டுக்கு வந்தபோது வலது முழங்கை மடங்கியே இருந்தது. மணிக்கட்டு கீழே தொங்கியது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொண்டன. பாதம் நுனி விரலில் நிற்கிற மாதிரி கீழே சாய்ந்திருந்தது. முழங்கையை எவ்வளவு பொறுமையாக நீட்டினாலும் நேர்க்கோட்டுக்கு 40 டிகிரி முன்பே நின்றுவிடும்.

வலிச்சாத்தான் இளகும்

முதலில் வந்த பிசியோ நல்ல பலசாலி. எந்த இடத்திலிருந்து வந்தார், பெயர் என்ன என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வந்ததும் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. அண்ணன் கத்துவார். அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடும். "வலிச்சாத்தான் இளகும்" என்பது அவர் வாக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவின் வாக்கும் அதுதான். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. ஒரு மாமா பிண்ட தைலம் கொண்டுவந்தார். கோயமுத்தூர் அத்தை வர்ம வைத்தியரின் நம்பர் கொடுத்தார். நான்கு பேராவது ரப்பர் பந்து வாங்கி வந்தார்கள், "இதப் புடிச்சு அமுக்கச் சொல்லு, நரம்புக்கு வலு வரும்" என்று. வீட்டில் பந்துகள் சேர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஏற்கெனவே மூடித் திறக்க மறுக்கிற கைக்கு மூடும் பயிற்சி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூளைக்காயக் கையின் பிரச்சினை திறப்பதில்தான் இருக்கிறது. பந்தை அமுக்க அமுக்க, ஏற்கெனவே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும் தசைக்குத்தான் மேலும் வேலை.

ஒரு நாள் அந்த முழங்கை லேசாக வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. அண்ணிதான் முதலில் கவனித்தார். புனர்வாழ்வு மருத்துவர் உடனே எக்ஸ்ரேயும் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது: கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்கு நடுவே புதிதாக எலும்பு வளர்ந்துவிடும். இடுப்பு, முழங்கை, தோள், முழங்கால் என்று பெரிய மூட்டுகளில் வருவது இது. சூடு, வீக்கம், நேற்று போன அளவு இன்று போகாத அசைவு, இவைதான் ஆரம்ப அடையாளம். ஆரம்ப வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எலும்பு ஸ்கேனில் முன்னதாகத் தெரியும். அப்படி எலும்பு வளர்கிற மூட்டை முரட்டுத்தனமாக இழுப்பது எந்த வகையிலும் நல்லதில்லை. அண்ணனுக்கு எலும்பு இல்லை என்று வந்தது. இரண்டாவது முறை எடுத்த படத்திலும் இல்லை. ஆனால் அந்த மருத்துவர் ஒன்று சொன்னார்: வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மடங்கிய கைதான், உள்ளே இருக்கிற காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும், சில நேரம் இரண்டு சேர்ந்தும் இருக்கும்.

எலும்பு ஒன்று. மற்ற இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு போய்விட்டதால் தசை தானாக முறுக்கிக்கொள்வது ஒரு வகை. பிசியோக்கள் 'டோன்' என்பார்கள். வேகமாக இழுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், மெதுவாகப் போனால் விட்டுக்கொடுக்கும். இன்னொன்று, தசையே நீளம் குறைந்துபோவது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், ஏனென்றால் அங்கே நீள்வதற்குத் தசை இல்லை. தசை எவ்வளவு இறுக்கம் என்று பல இடங்களில் எழுதித் தருகிற ஆஷ்வொர்த் எண் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. '3' என்று போட்டிருந்தால் அசைப்பது கடினம் என்பது தெரியும், ஏன் கடினம் என்பது தெரியாது. டோனுக்கு மாத்திரையோ ஊசியோ உதவலாம். குறுகிப்போன தசைக்கு மாத்திரை கொடுத்தால் ஆள் தூங்குவார், கை அப்படியே இருக்கும். அண்ணனுக்கு டோனைக் குறைக்கிற பேக்லோஃபென் மாத்திரை ஆரம்பித்த புதிதில் சாப்பிடும்போதே கண்ணை மூடினார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான்.

பூனையும் எலியும் மனிதரும்

தசை எப்படி நீளம் குறைகிறது என்று தேடிப் படித்தபோது 1972இல் பூனைகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை கிடைத்தது. தபாரி, கோல்ட்ஸ்பிங்க் ஆகியோரின் குழு செய்தது. தசை இழைக்குள் சார்கோமியர் என்னும் அலகுகள் சங்கிலிக் கண்ணிகள்போல வரிசையாகக் கோத்திருக்கும். கணுக்காலைத் தசை குறுகிய நிலையில் வைத்து மாவுக்கட்டுப் போட்டால், நான்கு வாரத்தில் அந்தக் கண்ணிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் காணாமல் போய்விட்டன. உடம்பு தேவையில்லாததை வைத்துக்கொள்வதில்லை. கட்டை எடுத்து நடமாட விட்டதும் அவை திரும்பி வந்தன. 1990இல் வில்லியம்ஸ் எலிகளை வைத்துச் செய்தது இன்னும் உற்சாகமானது: அசையாமல் கட்டிவைத்த தசையைத் தினமும் அரை மணி நேரம் இழுத்துவைத்தாலே இந்த இழப்பைத் தடுக்க முடிந்தது. பிசியோக்கள் பலரும் அரை மணி என்று சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, எலிக்கு நடந்தது மனிதருக்கு ஏன் நடக்கவில்லை? என் ஊகம் ஒன்று உண்டு, ஊகம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் காலைக் கட்டிவைத்தது நாம், அவிழ்த்ததும் அது ஓடும். அண்ணனின் கையைக் கட்டிவைத்திருப்பது அவருடைய மூளையே. அரை மணி நீட்டிவிட்டுக் கையை விட்டால், அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகிறது. தலைக்காயத்தால் முழங்கை மடங்கிப்போன 26 பேரிடம் மோஸ்லியும் மற்றவர்களும் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வாரம் தொடர்ச்சியாக மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு முழங்கையை நீட்டினார்கள். மறுபாதிக்குத் தினமும் சிறிது நேரம் கையை நீட்டிவைப்பது மட்டும். கட்டை எடுத்ததும் இரு தரப்புக்கும் 22 டிகிரி வித்தியாசம். நினைத்துப் பாருங்கள், 22 டிகிரி! அடுத்த நாள் அளந்தால் 11. நான்கு வாரம் கழித்துக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"நான் இழுக்க வரலயே"

இரண்டாவதாக வந்த பிசியோ இருபத்தெட்டு வயதுப் பெண். அம்மா முதல் நாளே "வா அம்மணி, வெயில்ல வந்திருக்கற, மொதல்ல தண்ணி குடி" என்று உட்கார வைத்துவிட்டது. வந்தவர் கையைத் தொடவே இல்லை. அண்ணன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும் டீ குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணன் கொட்டாவி விட்டார். வலது கை தானாக மேலே எழுந்து நெஞ்சுக்கு வந்து இறங்கியது. "பாத்தியா அம்மணி, கை தானா எந்திரிக்குது, வந்திரும்" என்றது அம்மா. அந்தக் கொட்டாவிக் கைதான் எங்கள் வீட்டின் பெரிய நம்பிக்கையாக இருந்தது. பிசியோ சிரித்துக்கொண்டே, கொட்டாவியிலும் தும்மலிலும் வேகமாக நடக்கும்போதும் இப்படி ஆவது வழக்கம், அது அவர் நினைத்து எடுப்பது இல்லை என்றார். அம்மா முகம் வாடியது. "அதுக்காகக் கை வராதுன்னு சொல்லலம்மா. அவரு நெனச்சு எடுக்கறத நாம தனியாப் பார்க்கணும்" என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் முழங்கையை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் நீட்டி இரண்டையும் அளந்து குறித்துக்கொண்டார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. விரல்களில் கதை வேறு, மெதுவாகப் போனால் முக்கால்வாசி திறந்தது. முழங்கையில் தசை குறுகியிருக்கிறது, விரல்களில் டோன் தூக்கலாக இருக்கிறது என்று அவர் விளக்கியபோதுதான், ஒரே கைக்குள் இரண்டு வேறு வேறு பிரச்சினைகளை நாங்கள் 'இறுக்கம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது புரிந்தது. எனக்கு அந்தக் காக்ரேன் விஷயம் வாயில் நின்றுகொண்டிருந்தது, கேட்டுவிட்டேன்.

"படிச்சிருக்கேன் சார். காலேஜ்ல அத வெச்சு நாங்க சண்டையே போட்டிருக்கோம்."

"அப்புறம் எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் இழுக்க வரலயே" என்றார். "ஒரு நாளைக்கு அரை மணி நேரம் நீங்க நீட்டி விடறீங்க, சரி. மீதி நேரம் பூரா இந்தக் கை எங்க இருக்கு?"

மீதி நேரம் கை ஸ்லிங்கில் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மாட்டிவிட்ட நீலத் துணிப் பை. தோள் மூட்டு நழுவித் தொங்காமல் இருக்க என்று கொடுத்தது, காரணம் நியாயமானதுதான். ஆனால் அது முழங்கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துத்தான் வைக்கும். காலையில் முகம் கழுவியதும் மாட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுவார்கள். நடக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம், உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்றார் பிசியோ. வீட்டில் சும்மா கிடந்த தையல் மிஷின் மேஜையை நாற்காலியின் வலப்பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, முன்கை முழுக்க அதில் பதிகிற மாதிரி முன்னால் நீட்டி வைத்தார். தோளுக்கும் தாங்கல் ஆயிற்று, முழங்கையும் தன்னால் எட்டுகிற அளவுக்கு நீண்டு கிடந்தது. யாரும் இழுக்கவில்லை.

அதற்கடுத்து அவர் அண்ணியிடம் கேட்டதுதான் என் மனதை விட்டுப் போகாதது. "அக்கா, இந்தக் கையால உங்களுக்கு எதுங்க கஷ்டம்?" இத்தனை மாதத்தில் அண்ணியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அண்ணி யோசிக்கவே இல்லை: உள்ளங்கையைக் கழுவ முடியவில்லை, வியர்த்து நாற்றம் வருகிறது, நகம் வெட்டப் போனால் சண்டை. சட்டையில் வலது கையை நுழைப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. பிசியோ நோட்டை எடுத்து இந்த மூன்றையும் எழுதினார். டிகிரி எதையும் எழுதவில்லை. காக்ரேன் தொகுப்பை நான் வேறு விதமாக வாசிக்க ஆரம்பித்தது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான். அந்த 49 ஆய்வுகள் முக்கியமாகக் கேட்ட கேள்வி, வழக்கமான கவனிப்புக்கு மேல் இழுத்துவைப்பதைக் கூட்டினால் மூட்டின் அசைவு கூடுமா என்பதுதான். கையை அசைக்கவே வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்கு மேல் தொடர்ந்து செய்ததை எந்த ஆய்வும் பார்க்கவும் இல்லை. ஒரு பெண் தன் கணவனின் உள்ளங்கையைக் கழுவுவதற்காக விரல்களை மெதுவாகத் திறப்பதற்கும் டிகிரிக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

நின்றால்தான் குதிகால்

கைக்குச் சொன்னதைவிடக் காலுக்குச் சொன்னது இன்னும் நேரானது. பாதத்தைக் கையால் பிடித்து வளைப்பதில் எவ்வளவு விசை கொடுத்துவிட முடியும்? எழுந்து நின்றால் உடம்பின் எடையே கெண்டைத் தசையை இழுக்கும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். உயரமான இருக்கையிலிருந்து எழுவது சுலபம். பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, குதிகால் தரையில் பதிந்திருக்க, மூக்கை முன்னால் கொண்டுவந்து எழுந்திருக்கணும், உட்காரணும், திரும்ப எழுந்திருக்கணும். பழகப் பழக ஒரு செங்கலை உருவினோம். இதில் நீட்டுவதும் உண்டு, வலுவேற்றுவதும் உண்டு, கழிப்பறைக்குத் தனியாகப் போகிற வேலைக்கான ஒத்திகையும் உண்டு. பிடிப்பு உள்ள தசையைப் பலப்படுத்தினால் பிடிப்பு கூடிவிடும் என்று முன்பு பயந்தார்கள், இப்போது அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. சமையல் மேடை ஓரமாக நின்று வலது உள்ளங்கையை மேடையில் பதித்து, அண்ணி காய் நறுக்கும் நேரம் முழுக்க நிற்பது ஒரு பயிற்சி. டீ டம்ளரை வலப்பக்க மேஜையில் கொஞ்சம் தள்ளிவைத்து, அதை நோக்கிக் கையைத் தேய்த்துக்கொண்டு போவது இன்னொன்று. அண்ணனுக்கு இது பிடித்தது. இழுக்கும்போது வாயை இறுக்கிக்கொண்டு கிடந்த மனுஷன், டம்ளருக்குப் போகும்போது கெட்ட வார்த்தை பேசினார். நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டோம்.

நடுவில் ஒரு வாரம் எல்லாம் பின்னால் போனது. கால் இரும்பு மாதிரி விறைத்தது, கை மேஜையில் நிற்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பிசியோ சாக்ஸைக் கழற்றிக் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கோத்திருந்தது. அண்ணனுக்கு அங்கே உணர்ச்சி மட்டு, வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, உடம்புதான் விறைத்துக் காட்டியது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், இறுக்கமான செருப்பு வார் எதுவாக இருந்தாலும் இப்படிக் காட்டும். திடீரென்று டைட் கூடினால் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் உடம்பை உச்சி முதல் பாதம் வரை பார்க்க வேண்டும் என்பதை இப்போது எங்கள் வீட்டில் அம்மாகூடச் சொல்லும்.

இந்தியாவில் புனர்வாழ்வு மருத்துவம் வேரூன்றியதற்கும் ஒரு சாலை விபத்துக்கும் தொடர்பு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். அந்த விபத்து நடந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இந்த அறிவு வந்துசேர்வது எந்தப் பிசியோ வாசலில் வந்து நிற்கிறார் என்கிற அதிர்ஷ்டத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஆறவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார் என்பது பெரிய விஷயம்தான். வருகிறவரிடம் "இழுத்துவிடுங்க" என்று கையை நீட்டுவதற்குப் பதில் நாள் முழுக்க என்ன செய்வது என்று கேட்கிற பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

கணக்கு என்னவென்று கேட்டால், முழங்கை இப்போது 40க்குப் பதில் 30 சொச்சத்தில் நிற்கிறது. பயிற்சியாலா, ஸ்லிங்கைக் கழற்றியதாலா, காலப்போக்கிலா, பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. விரல்களை அவராகத் திறக்க இன்னும் முடியவில்லை. சட்டைக் கை நுழைகிறது. உள்ளங்கையில் நாற்றம் இல்லை. நகம் வெட்டத்தான் இன்னும் சண்டை.

விரல்களுக்கும் கெண்டைத் தசைக்கும், டோனைத் தளர்த்துகிற போட்டுலினம் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். விலை அதிகம், வேலை செய்வது மூன்று நான்கு மாதம்தான். முழங்கைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அங்கே டோன் பெரிதாக இல்லை, ஊசிக்கு அங்கே வேலையும் இல்லை. ஊசி போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் தண்டம் என்பது என் அபிப்பிராயம். அண்ணியும் அதையேதான் கேட்டார்: "அந்த மூணு மாசத்துல நாங்க என்னங்க செய்யணும் டாக்டர்?" கணுக்காலுக்கு இரண்டு வாரம் காஸ்ட், அதாவது மாவுக்கட்டு, பிறகு ஏ.எஃப்.ஓ. என்கிற கணுக்கால் தாங்கியைப் போட்டுக்கொண்டு நிற்பதும் நடப்பதும் என்று ஒரு திட்டம் சொன்னார். மோஸ்லியின் 22 டிகிரி மறுநாளே 11 ஆன கதையை நான் சொன்னேன். அதனால்தான் காஸ்ட் எடுத்த அன்றைக்கே ஏ.எஃப்.ஓ. தயாராக இருக்கணும் என்றார் அவர். அடுத்த புதன்கிழமை ஊசி. ஏ.எஃப்.ஓ.வுக்கு அளவு கொடுத்தாயிற்று. டாக்டரிடம் கேட்க வேண்டியதை அண்ணி பிசியோவின் நோட்டிலேயே பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி, காஸ்ட் நனையாமல் எப்படிக் குளிப்பாட்டுவது.